உபோனில் வீசிய துண்டு

தாய்லாந்து போய்வந்தவர்கள் கடலைப் பற்றிச் சொல்வார்கள், கடைவீதியைப் பற்றிச் சொல்வார்கள். நான் கடலையும் பார்க்கவில்லை, கடைவீதியிலும் நிற்கவில்லை. நான் பார்த்தது ஒரு கிழட்டுச் சண்டை விமானம். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும்; எழுதுவதென்றால் அதைவிடவும் மெதுவு. அவசரக்காரர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். மற்றவர்கள் உட்காருங்கள்.

முதலில் எங்கள் வீட்டு நடப்பைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உபோனில் நடந்தது உங்களுக்கு விளங்காது. கல்லிடைக்குறிச்சியில் எங்களுக்கு அப்பள வியாபாரம். பின்கட்டில் பாய் விரித்துக் காயவைப்போம். மேற்கே தென்னையும் மாடிவீடுகளும் மறைப்பதால் கீழே இருக்கிற எங்களுக்கு மலை தெரியாது. மலை கறுத்தால் கொஞ்ச நேரத்தில் எங்கள் தலையில் மழை. அதனால் மொட்டைமாடியில் எங்கள் வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார். மலைப்பக்கம் மேகம் கூடினால் எழுந்து நின்று தோளில் கிடக்கும் சிவப்புத் துண்டை வீசுவார். நாங்கள் அள்ளிவிடுவோம். கத்துவது கிடையாது. ஏர்போர்ஸில் மிக் விமானத்தின் என்ஜின் பக்கத்தில் நின்றே பாதி ஆயுசைக் கழித்தவர், காது மந்தம். கத்தினால் எவ்வளவு சத்தமாகக் கத்துகிறோம் என்று அவருக்கே தெரியாது, தெருவே வந்துவிடும். துண்டுதான் தோது. தெருவில் அவருக்குப் பெயரே பிளேன் அண்ணாச்சி.

இப்படி வருஷக்கணக்காக ஒரு அப்பளம்கூட நனையாமல் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவர் கண்ணில் புரை விழுந்தது. டாக்டர் ஆபரேஷன் என்றார். இவர் மாட்டேன் என்றுவிட்டார்.

"பழசு பழசுதான். அதுக்குள்ள ஒரு கண்ணாடிச் சில்லை வச்சுத் தைச்சா புதுசாயிருமா? எனக்கு மலை தெரியுது. போதும்."

மலை தெரியவில்லை. அது எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாடியிலிருந்து இறங்கு என்று சொன்னால் அந்த மனிதர் அப்புறம் எங்கே போய் உட்காருவார்? அதனால் நான் ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். என் நாத்தனார் சொர்ணம் விக்கிரமசிங்கபுரத்தில், மலைக்குக் கீழேயே இருக்கிறாள். மலை கறுத்ததும் அவள் எனக்குப் போன் செய்வாள். என் போன் இடுப்பில் செருகியிருக்கும், சத்தம் வராது, அதிரும். "மைனி, கறுத்துட்டு" என்பாள், வைத்துவிடுவாள். நான் ஒரு தம்ளர் மோரை எடுத்துக்கொண்டு மாடியேறி, "என்னங்க, காத்து ஒரு மாதிரியா அடிக்கே" என்பேன். அவர் மேற்கே முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு எழுந்து நின்று ஜம்மென்று துண்டை வீசுவார். நான் இறங்கி ஓடிவந்து அள்ளுவேன். அப்பளமும் நனையவில்லை, அவர் மனசும் நனையவில்லை.

போன் வராமல் துண்டு மட்டும் வீசினால் நான் அசையமாட்டேன். ஒருநாள் உச்சி வெயிலில் அப்படித்தான் வீசினார். தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன். சாப்பிட வந்தபோது, "என்ன, துண்டு வீசுனீயளோ?" என்று கேட்டேன். "ஈ ஓட்டுனேன்" என்றார்.

எங்கள் மகள் காந்திமதி உபோனில் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறாள். உபோன் தாய்லாந்தின் கிழக்கு மூலையில் இருக்கிற ஊர். அவள் போனில் என்னிடம் மட்டும் திட்டத்தைச் சொன்னாள். அந்த ஊரில் பழைய சண்டை விமானங்களுக்குப் புதுக் கண் வைத்துப் பறக்கவிடுகிறார்களாம். ஜனவரியில் குழந்தைகள் தினத்தன்று விமானத் தளத்தை ஊர் ஜனங்களுக்குத் திறந்துவிடுவார்களாம். "அப்பா அதை ஒரு தடவை பாக்கட்டும்மா. பெறவு ஆபரேஷன் வேண்டாம்னு சொல்ல முடியாதுல்லா."

"ஏட்டி, அதுக்கு இம்புட்டுத் தூரமா?"

"டாக்டர் சொல்லிக் கேக்கல. நீ சொல்லவே மாட்டேங்க. பிளேனாவது சொல்லட்டும்."

பெட்டியில் பாதி அப்பளம் வைத்துக்கொண்டேன்.

போய் இறங்கியதும் எனக்கு ஒரு சந்தோஷம். விமான நிலையத்திலிருந்து வெளியே வந்தால் எந்தப் பலகையிலும் எனக்குத் தெரிந்த எழுத்து ஒன்றுகூட இல்லை. எல்லாம் கோலம்போலச் சுழித்துச் சுழித்துப் போகிறது. நமக்கு இது பழக்கம்தானே. இங்கிலீஷ் பேப்பர் படிக்கிற எங்கள் வீட்டுக்காரர்தான் திகைத்துப்போய் நின்றார். "ஏளா, இதுல ஆம்பளை கக்கூஸ் எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்க?" என்றார். கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக நாங்கள் இரண்டு பேரும் படிப்பில் சமம் ஆனோம். "யாராவது ஆம்பளை போவான், அவன் பின்னாலேயே போங்க" என்றேன். எழுத்து வராதவர்களுக்கு இதெல்லாம் கைவந்த கலை.

மறுநாள் காந்திமதி காலேஜுக்குப் போக, ஆற்றைப் பார்க்க நாங்கள் தனியாகக் கிளம்பினோம். அங்கே டவுன்பஸ் என்பது ஒரு சின்ன லாரி. பின்னால் இரண்டு பெஞ்சு போட்டுக் கூரை வைத்திருக்கிறார்கள். இறங்க வேண்டுமானால் கூரையில் இருக்கிற பொத்தானை அமுக்க வேண்டும், டிரைவருக்கு மணி அடிக்கும். வண்டி புறப்பட்டது. நூறடி போய் நின்றது. யாரும் இறங்கவில்லை. புறப்பட்டது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே நின்றது. யாரும் இறங்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த பெண்பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். கடைசியில் டிரைவர் இறங்கிப் பின்பக்கம் வந்து பார்த்தான். எங்கள் வீட்டுக்காரர் விழாமல் இருக்க மேலே பிடித்திருந்தாரே, அந்தக் கைக்கு அடியில்தான் பொத்தான் இருந்தது. மணிச்சத்தம் அவர் காதுக்கு எட்டவில்லை. டிரைவர் கோபப்படுவான் என்று பார்த்தேன். இவர் கையை மெதுவாக எடுத்து, மடியில் வைத்து, தட்டிக்கொடுத்துவிட்டுப் போனான். நம் ஊர் மினிபஸ் கண்டக்டராக இருந்தால் வாயில் வந்ததையெல்லாம் கேட்டிருப்போம்.

ஆறு பெரிசு. மூன் ஆறு என்கிறார்கள். அகலம் என்று பார்த்தால் நம்முடையதைப் போல நாலை அதற்குள் வைக்கலாம். ஆனால் தண்ணீர் செம்மண் கலந்த நிறம், ஓடுகிறதா உட்கார்ந்திருக்கிறதா என்று சொல்ல முடியாது. ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் சொல்வதற்கில்லை. தாமிரபரணியில் பிறந்த நாக்கை வைத்துக்கொண்டு வெளியூர் ஆற்றைக் குறைசொல்வது மரியாதை இல்லை.

சாப்பாடுதான் முதலில் திண்டாட்டம். கீரையைக் கொடுத்தாலும் அதில் மீன்சாறு. கத்திரிக்காயில் மீன்சாறு. பப்பாளிக்காயை இடித்து ஒன்று செய்கிறார்கள், வாசனை ஆளைத் தூக்குகிறது, அதிலும் அழுகவைத்த மீன். அப்புறம் காந்திமதி ஒரு மஞ்சள் கொடியைக் காட்டினாள். அதில் சிவப்பாக ஒரு எழுத்து. அது பறக்கிற கடையில் சுத்த சைவமாம், வெங்காயம் பூண்டுகூடக் கிடையாதாம். அந்த எழுத்தை நான் மனசில் பதித்துக்கொண்டேன். நான் கற்றுக்கொண்ட ஒரே வெளிநாட்டு எழுத்து அதுதான். அடுத்த நாளிலிருந்து தெருமுனையிலேயே கண்டுபிடித்து நான் முன்னே போவேன், அவர் பின்னே வருவார். சோறு மூங்கில் கூடையில் வருகிறது, பசை மாதிரி ஒட்டும். கையால் பிய்த்து உருட்டிச் சாப்பிட வேண்டும். கையால் சாப்பிடுகிற ஊர் எதுவும் மோசமான ஊராக இருக்காது.

குழந்தைகள் தினம் வந்தது. விமானத் தளத்தின் வாசலில் திருவிழாக் கூட்டம். பலூன், ஐஸ், அப்பன் தோளில் பிள்ளைகள். நம் ஊரில் தேரோட்டத்துக்குத்தான் இப்படி வருவார்கள். உள்ளே வரிசையாக விமானங்களை நிறுத்தி ஏணி போட்டிருந்தார்கள். பிள்ளைகள் ஏறி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு இறங்கின. அந்த வரிசையில் எங்கள் வீட்டுக்காரரும் போய் நின்றுகொண்டார், முன்னால் ஒரு முயல்காது தொப்பி, பின்னால் ஒரு முயல்காது தொப்பி.

அவர் முறை வந்தபோது ஏணிப்பக்கம் நின்றவர் காந்திமதியிடம் ஏதோ கேட்டார். ஐம்பது வயது இருக்கும், பெயர் பிரசித், அங்கே என்ஜின் பார்க்கிறவர். அப்பாவும் அதே வேலைதான் செய்தவர் என்று அவள் சொன்னாளோ இல்லையோ, அந்த ஆள் சட்டென்று நிமிர்ந்து ஒரு சல்யூட் வைத்தார். பிறகு இரண்டு கையையும் கூப்பினார். இவர் ஏணியில் ஏறவே இல்லை. நேரே விமானத்தின் பின்பக்கம் போனார், என்ஜின் குழாய்க்குள் கையை விட்டுத் தடவினார், விரலை மோந்து பார்த்தார்.

"நல்லா வச்சிருக்கான்" என்றார். "ஆனா கிழடு. நான் வேலையில இருந்தப்பவே இது பறந்துக்கிட்டு இருந்துச்சு. இதை வச்சு என்ன செய்யுதான்? வெள்ளையடிச்சு வச்சிருக்கானா?"

காந்திமதி அதை எப்படி மாற்றிச் சொன்னாளோ, பிரசித் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு விமானத்தின் மூக்கைத் தட்டிக்காட்டிச் சொல்ல ஆரம்பித்தார். காந்திமதி சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்குப் புரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

ரேடார் என்பது இருட்டில் அடிக்கிற டார்ச் லைட் மாதிரி. அடித்தால் எதிரே நிற்கிறவன் தெரிவான். ஆனால் டார்ச் அடிக்கிறவன் எங்கே நிற்கிறான் என்பது ஊருக்கே தெரிந்துவிடும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு விமானமும் தன் டார்ச்சைத் தானே அடித்துக்கொண்டு போனது. இப்போது அப்படி இல்லை. தூரத்தில் முதுகில் பெரிய ரேடாரைச் சுமந்துகொண்டு ஒரு விமானம் நிதானமாகச் சுற்றும். புது மாடல் விமானம் ஒன்று இரண்டு முன்னே போகும். அவை பார்க்கிறதெல்லாம் லிங்க் என்று கம்பியில்லாத ஒரு தொடர்பு வழியாக இந்தக் கிழட்டு விமானத்தின் திரையில் வந்து விழும். இது தன் டார்ச்சை அணைத்துக்கொண்டு சத்தமில்லாமல் போய், பக்கத்துவீட்டுக்காரன் கண்ணால் பார்த்து, தன் கையால் அடித்துவிட்டுத் திரும்பிவிடும்.

"புது பிளேன் வாங்கணும்னா நாட்டையே அடகு வைக்கணும்ப்பா. அதனால கொஞ்சம்தான் இருக்கும்" என்றாள் காந்திமதி. "பழசு நிறைய இருக்கு. உடம்பு பழசு, கண்ணு மட்டும் புதுசு. பாக்கது ஒருத்தர், செய்யது இன்னொருத்தர். ரெண்டு பேரும் ஒரே ஆளா இருக்கணும்னு இல்ல."

எனக்கு இடுப்பில் போன் அதிர்ந்த மாதிரி இருந்தது. இது நம் சொர்ணத்தின் ஏற்பாடுதானே! இதற்கு இத்தனை பேர் சேர்ந்து பலூன் கட்டிக் கொண்டாடுகிறார்களே என்று நினைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குகிறார் என்று விட்டுவிட்டேன்.

"சரி, லிங்க் அறுந்தா?" என்றார் அவர்.

"அறுந்தா தன் டார்ச்சைத்தான் அடிக்கணும். அதுக்குத்தான் மூக்குல இருந்த பழைய ரேடாரைக் கழட்டிட்டு நல்லதா ஒண்ணு வச்சிருக்காங்க" என்று பிரசித் சொன்னதை அவள் சொன்னாள்.

"இறக்கையில விரிசல் விடுமே? அதுக்கும் லிங்க் வச்சிருக்கானா?"

இதைக் கேட்டதும் பிரசித் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. அதற்கு மருந்து இல்லை, தினமும் தடவித் தடவிப் பார்க்கிறோம், ஒருநாள் நிறுத்த வேண்டியதுதான் என்றார். இரண்டு பேரும் குனிந்து விமானத்தின் வயிற்றைத் தடவிப் பார்த்தார்கள். "எங்க மிக்குக்கும் நான் ரிட்டயர் ஆன பெறவு புதுக் கண்ணு வச்சாங்க" என்று இவர் முணுமுணுத்தார். அப்போது மிக் இருபத்தொன்று ஒன்றிரண்டு நம் நாட்டில் பறந்துகொண்டிருந்த சமயம். இப்போது அதையும் நிறுத்திவிட்டார்கள்.

காந்திமதி கண்ணாலேயே என்னிடம், இப்போது கேட்கட்டுமா என்றாள். கேட்டாள். "அப்பா, பிளேனுக்கே கண்ணு மாத்துதாங்க. உங்களுக்கு மாத்துனா என்ன?"

"பிளேன் பாரின் போயி பாம் போடணும். நான் மாடியில உக்காந்து மேகம் பாக்கணும். அதுக்கு இது போதும்" என்று சொல்லிவிட்டு ஐஸ் வாங்கப் போய்விட்டார். அவள் திட்டம் அத்தோடு படுத்துவிட்டது.

நான் கையோடு கொண்டுபோயிருந்த டின்னைத் திறந்து பொரித்த அப்பளத்தைப் பிரசித்துக்குக் கொடுத்தேன். கடித்துப் பார்த்துவிட்டு அவர் காந்திமதியிடம் வேகவேகமாகப் பேசினார். அவருடைய பெரியம்மாவும் இதையே செய்கிறார்களாம், அரிசியில், பெயர் காவ் போங். ஊருக்கு வெளியே கிராமம், நாளைக்கே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். நான் உடனே சரி என்றுவிட்டேன். அரிசியில் அப்பளமா, பார்த்துவிடுவோம் என்று ஒரு ரோஷம்.

பெரியம்மாவின் பெயர் சிரி. பெயருக்கு ஏற்ற முகம். நான் சிரியக்கா என்றே கூப்பிட்டேன். பசைச்சோற்றை உரலில் இடித்து, எள்ளும் சர்க்கரையும் சேர்த்து, தட்டி, வட்டமாகப் பாயில் காயப்போட்டிருந்தாள். ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். மறுநாள் அவர்கள் ஊர்க் கோயிலில் ஏதோ அன்னதானம், அதற்குத்தான் இவ்வளவும். காய்ந்ததைக் கரியில் வாட்டினால் பூப்போல விரிகிறது. எனக்கும் அவளுக்கும் ஒரு வார்த்தை பொதுவில் கிடையாது. ஆனாலும் நான் ஓரத்தைக் கிள்ளிப் பார்த்து ஈரம் என்று முகத்தைச் சுளித்தால் அவள் ஆமாம் என்று வெயிலைக் காட்டினாள். அப்பளக்காரிக்கு அப்பளக்காரியின் பாஷை தெரியும்.

வீடு மரத்தூண்கள் மேல் நின்றது. மேலே காற்றுக்கு இருக்கட்டும் என்று எங்கள் வீட்டுக்காரரை மேற்குப் பார்த்த வராந்தாவில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். காந்திமதியும் பிரசித்தும் கரி வாங்கக் கடைக்குப் போனார்கள். நானும் சிரியக்காவும் பக்கத்துவீட்டுப் பெண்களும் முற்றத்தில். அவர் மாடியில், நான் பாய்கள் நடுவில். நான் எங்கே இருக்கிறேன் என்பதே ஒரு நிமிஷம் மறந்துபோனது.

நிமிர்ந்தேன். மேலே சிவப்புத் துண்டு வீசிக்கொண்டிருந்தது.

ஊரில் என்றால் போனுக்காகக் காத்திருப்பேன். இங்கே சொர்ணம் ஏது? கடல் தாண்டி உட்கார்ந்திருக்கிறாள். என் கால் என்னைக் கேட்கவில்லை. "மழை! மழை! அள்ளுங்கட்டி!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். சிரியக்காவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஒரு கிழவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாயைப் பார்த்து ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவளும் ஓடினாள், பெண்களும் ஓடினார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, வீட்டுக்கு அடியில் கொண்டுபோய்ச் சேர்த்து மூச்சுவாங்க நின்றோம்.

வெயில் சுள்ளென்று அடித்தது.

நின்றோம். இன்னும் அடித்தது. சிரியக்கா வெளியே போய் மேற்கே பார்த்தாள். வயலுக்கு அப்பால் கருகருவென்று எழும்பி நின்றது மேகம் இல்லை, புகை. கரும்புக்காட்டை எரிக்கிறார்கள். வெட்டுகிறதற்கு முன்னால் சோகையை, அதாவது காய்ந்த இலையை, எரித்துவிடுவது அங்கே வழக்கமாம். அடுக்கினதைப் பிரித்துப் பார்த்தாள். ஈரத்தில் அடுக்கினால் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்ல வேண்டுமா? எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டி. நாளைய அன்னதானம் என் கையில் உருண்டையாக இருந்தது.

அவர் படியிறங்கி வந்தார். "அள்ளியாச்சா?" என்று சத்தமாகக் கேட்டார். முகத்தில் அவ்வளவு திருப்தி.

அப்போது பிரசித்தும் காந்திமதியும் கரியோடு வந்துவிட்டார்கள். சிரியக்கா கையை ஆட்டி ஆட்டி நடந்ததைச் சொன்னாள். துண்டு வீசியது, நான் ஓடியது, எல்லாம் நடித்தே காட்டினாள். பிரசித் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே ஏதோ ஒன்று சொன்னார்.

"என்ன சொல்லுதான்?" என்றார் இவர்.

"ஒண்ணுமில்லப்பா."

"சொல்லுளா."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "லிங்க் பிரமாதமா வேலை செஞ்சிருக்கு, ரேடார்தான் சரியில்லன்னு சொல்லுதாரு. பாக்கவன் தப்பாப் பாத்தா, லிங்க் எவ்வளவு நல்லா இருக்கோ அவ்வளவு வேகமா எல்லாரும் சேர்ந்து தப்புப் பண்ணுவாங்களாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கரும்புக்காட்டை எரிப்பானுவன்னு அவுகளுக்கு ஜோசியமா தெரியும்? நம்ம ஊருல எவன் எரிக்கான்? தூரத்துல கறுத்தா மழைதான்! அந்த ஆள்கிட்டச் சொல்லுட்டி!" என்றேன். காந்திமதி சொல்லவில்லை. இவர் துண்டை உதறினார், நாலாக மடித்தார், தோளில் போடவில்லை, பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் துண்டைப் பைக்குள் வைத்து நான் பார்த்ததே இல்லை.

சிரியக்காதான் நிலைமையைக் காப்பாற்றினாள். கட்டியைத் தூக்கி நீராவியில் போட்டாள், உரலில் கொட்டினாள், உலக்கையை எடுத்து எங்கள் வீட்டுக்காரர் கையில் கொடுத்தாள். தெருவே கூடி இடித்தது. நானும் தட்டினேன். தெருவே பார்க்க, கண்ணாடி மாதிரி மெல்லிசாகத் தட்டினேன், அப்பளக்காரி யார் என்று தெரியட்டும் என்று. மறுநாள் கோயிலில் வாட்டும்போது என்னுடையது மட்டும் தீயைக் கண்டதும் பொசுங்கிச் சுருண்டது. அவர்களுக்குக் கனமாக இருந்தால்தான் விரியுமாம். ஒரு சின்னப் பெண் என் கரிந்த வட்டத்தை எடுத்து எனக்கே நீட்ட, எல்லாரும் சிரித்தார்கள். சாப்பிட்டேன். கசந்தது. நன்றாயிருக்கிறது என்று தலையாட்டினேன்.

இவர் துண்டு இரண்டு நாளும் பைக்குள்ளேயே கிடந்தது. திரும்பி வரும் விமானத்தில் மேகத்துக்கு மேலே போய்க்கொண்டிருக்கும்போது, சன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்: "பொங்கல் கழியட்டும். திருநெல்வேலிக்குப் போயி அந்தக் கண்ணைப் பாத்துட்டு வந்துருவம்."

பேசினால் மாற்றிவிடுவார். என் தட்டிலிருந்த இனிப்பை எடுத்து அவர் தட்டில் வைத்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடியோடு கொஞ்ச நாள் வீட்டுக்குள்ளேயே சினிமாக்காரர் மாதிரி நடந்தார். "உத்திரத்துல இவ்வளவு ஒட்டடையா? நீ என்னத்தளா பெருக்குத?" என்று ஆரம்பித்தார். புதுக் கண்ணின் முதல் பலன் எனக்குத்தான்.

சித்திரை பிறந்தது. சாயங்கால மழைக் காலம். ஒருநாள் மத்தியானம் சாய்கிற நேரம், பாய் நிறைய அப்பளம். நிமிர்ந்தால் மாடியில் துண்டு. இடுப்பில் போன் அதிரவில்லை. ஒரு நிமிஷம் தயங்கினேன். மேலே அந்தச் சிவப்பு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. சரி, போகட்டும் என்று அள்ளினேன். கடைசிப் பாயை உள்ளே இழுத்த பிறகுதான் போன் அதிர்ந்தது. "மைனி, இப்பத்தான் கறுத்துட்டு வருது!" என்றாள் சொர்ணம். "அள்ளியாச்சு" என்றேன். "யாரு சொன்னா?" என்றாள். போனை வைத்துவிட்டு மாடியைப் பார்த்தேன். சொட்டு விழ ஆரம்பித்தது.

மோரை எடுத்துக்கொண்டு மாடிப்படியேறினேன். அவர் படிக்கூரைக்கு அடியில் நனையாமல் நின்றிருந்தார்.

"சொர்ணம் பேசிட்டாளா?" என்றார்.

தம்ளரை நீட்டினேன். "எந்தச் சொர்ணம்?"

"ஏளா, எனக்குக் காதுதான் மந்தம். மேகம் வர நேரத்துக்கெல்லாம் மோர் வருதே, அதுகூடவா தெரியாது? ஒருநாள் நல்ல வெயில்ல துண்டை வீசிப் பாத்தேன். கீழ உன் பச்சைச் சேலை மட்டும் கலங்கலாத் தெரிஞ்சுது. அது நகரல."

"ஈ ஓட்டுனேன்னு சொன்னீயளே!"

"பெறவு என்னத்தச் சொல்ல?" மோரை வாங்கிக் குடித்தார். மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உபோன்ல வீசுனேன். நீ ஓடுன. ஒரு வருஷத்துக்குப் பெறவு என் துண்டைப் பாத்து ஓடுன. அது தப்பாப் போச்சு. அதான் போயிப் படுத்தேன், வெட்டிக்கோன்னு."

சொர்ணத்தை நிறுத்திவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். "லிங்க் அறுக்கக் கூடாது. மலைக்கு அங்கன அவ பாக்கட்டும், இங்கன நான் பாக்கேன்."

போன வாரம் உளுந்து அப்பளம் போட்டிருந்தோம். தலையைத் தூக்கினேன், துண்டு வீசுகிறது. போனுக்குக் காத்திருக்கவில்லை, சேலையைச் செருகிக்கொண்டு ஓடினேன். பாதி அள்ளின பிறகுதான் முதுகு சுடுகிறதே என்று நிமிர்ந்து பார்த்தேன். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. மாடியில் கைப்பிடிச்சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஈ! ஏளா, ஈ!" என்று தெருவே கேட்கக் கத்தினார்.

இன்றைக்கு மோர் கிடையாது என்று நானும் கத்தினேன். அவர் காதில் விழுந்ததோ என்னவோ.